பழைய ரவுட்டர் வாங்கி ஓப்பன்வர்ட் போடப் போறீங்களா? அடிக்கடி கேக்குற கேள்விகள்

செகண்ட்ஹேண்ட், ரீஃபர்பிஷ்ட் ரவுட்டர் வாங்கி வேற ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடுற மென்பொருள்) போடணும்னு ஆசைப்படுறவங்க திரும்பத் திரும்ப கேக்குறதை எல்லாம் இங்க போட்டு வெச்சிருக்கேன். அவசரம்னா வெர்ஷன் பத்தின கேள்வியையும் கடையில செக் பண்ற கேள்வியையும் மட்டுமாவது படிச்சுட்டு காசை எடுங்க.

கஸ்டம் ஃபர்ம்வேர் எதுக்கு? கம்பெனி கொடுத்ததே நல்லா தானே ஓடுது?

ஓடுதுன்னா விட்டுடுங்க, நிஜமா தான் சொல்றேன். யூடியூப், வாட்ஸ்அப், ராத்திரி ஒரு படம், இவ்ளோதான் வீட்டுலன்னா இந்த வேலையே வேண்டாம். ஆனா மலிவு ரவுட்டர் நிறையத்துக்கு கம்பெனி கொஞ்ச வருஷம் அப்டேட் கொடுத்துட்டு கை கழுவிடும், அப்புறம் எந்த ஓட்டை வெளிய வந்தாலும் அடைக்க ஆள் இல்ல. அதே பெட்டியில ஓப்பன்டபிள்யூஆர்டின்ற இலவச லினக்ஸ் ஃபர்ம்வேர் (இனிமே ஓப்பன்வர்ட்னே சொல்றேன்) போட்டா இன்னும் பல வருஷம் புது கெர்னலோட ஓடும். அது போக வயர்கார்ட் விபிஎன், வீடு முழுக்க விளம்பரத்தை தடுக்குறது, விருந்தாளிக்கு தனி வைஃபை, சிசிடிவி கேமராவை இன்டர்நெட் பக்கமே போக விடாம கட்டிப் போடுறதுன்னு நிறைய இருக்கு. எல்லாத்துக்கும் மேல எஸ்க்யூஎம். வீட்டுல யாரோ பெரிய ஃபைல் அப்லோட் பண்ணும்போது உங்க ஆபீஸ் மீட்டிங் திக்கித் திணறுதுல்ல, அதை சரி பண்றது இது தான். என்னைக் கேட்டா இதுக்காக மட்டுமே மாத்தலாம்.

ஓப்பன்வர்ட், டிடி-டபிள்யூஆர்டி, டொமேட்டோ, மெர்லின்னு ஏகப்பட்டது இருக்கே, எதைப் போடுறது?

நீங்க முடிவு பண்றதை விட உள்ள இருக்குற சிப் தான் முடிவு பண்ணும். மீடியாடெக், குவால்காம் ஏதெரோஸ் சிப்னா கண்ணை மூடிட்டு ஓப்பன்வர்ட். பிராட்காம்னா ஓப்பன்வர்ட் கிட்ட போகாதீங்க, அந்தக் கம்பெனி வைஃபை டிரைவரை திறந்து கொடுக்காததால ஃபர்ம்வேர் ஏறினாலும் வைஃபை நொண்டும், இல்ல வரவே வராது. நெட்கியர் ஆர்7000 மாதிரி பிராட்காம் பெட்டிக்கு ஃப்ரெஷ்டொமேட்டோ இல்ல டிடி-டபிள்யூஆர்டி. மெர்லின் அசுஸ் ரவுட்டருக்கு மட்டும், அதுவும் ஆர்டி-ஏசி68யூ மாதிரி பழைய மாடல் எல்லாம் 386ன்ற பழைய கிளையிலேயே நின்னு போச்சு, இப்ப புதுசா தேடி வாங்குற அளவுக்கு இல்ல.

"ரீஃபர்பிஷ்ட்"னு போட்டிருந்தா கம்பெனியே சரி பண்ணி விக்கிறதா?

அமெரிக்கால லிங்க்சிஸ், நெட்கியர் எல்லாம் திரும்பி வந்த பெட்டியை டெஸ்ட் பண்ணி, ரீஃபர்பிஷ்ட்னு லேபிள் ஒட்டி, குறைஞ்ச நாள் வாரன்டியோட விப்பாங்க. அது நிஜமான ரீஃபர்பிஷ்ட். நம்ம ஊர்ல ஆன்லைன்லயும் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் அந்தப் பேர்ல வர்றது பெரும்பாலும் யாரோ யூஸ் பண்ணதை துடைச்சு, ரீசெட் அடிச்சு, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டது தான். தப்புன்னு சொல்ல வரல, விலை மட்டும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கணும். என் கணக்கு ரொம்ப சிம்பிள்: அடாப்டரோட சேர்த்து புது விலையில பாதிக்கு மேல கேட்டா வந்த வழியே நடந்துடுவேன், ஏன்னா மிச்ச காசையும் போட்டா புதுசே வந்துடும், வாரன்டியோட.

ஓப்பன்வர்ட் லிஸ்ட்ல மாடல் பேர் இருக்கு, வாங்கிடலாமா?

நில்லுங்க. இங்க தான் பாதிப் பேர் காசை விடுறாங்க.

பேர் ஒண்ணா இருக்கும், உள்ள இருக்குறது வேறயா இருக்கும். இது இன்னைக்கு நேத்து கதை இல்ல. இந்த விளையாட்டையே ஆரம்பிச்சு வெச்ச லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி 2002 கடைசியில வந்துச்சு, அதுக்குள்ள லினக்ஸ் ஓடுதுன்னு 2003ல ஆளுங்க கண்டுபிடிச்சு, ஜிபிஎல் லைசென்ஸ்படி சோர்ஸ் கோடை கொடுன்னு நெருக்கி, அது வெளிய வந்து, அதை வெச்சு தான் 2004ல ஓப்பன்வர்ட் பிறந்துச்சு. அதே ரவுட்டரோட வெர்ஷன் 5ஐ 2005ல விட்டாங்க பாருங்க, வெளிய அதே நீலப் பெட்டி, அதே ரெண்டு ஆன்டெனா, உள்ள லினக்ஸை தூக்கிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ்னு வேற சிஸ்டம், ஃப்ளாஷ் (ஃபர்ம்வேர் உக்காருற மெமரி) 4 எம்பிலேர்ந்து 2 எம்பி, ரேம் 16லேர்ந்து 8. பேரை நம்பி வாங்கினவன் தலையில துண்டு. லினக்ஸ் வேணும்னவங்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல்னு தனியா ஒண்ணு விட்டாங்க.

இன்னைக்கும் அதே தான். டிபி-லிங்க் 841என் எடுத்துக்கோங்க, வெர்ஷன் 13ல 8 எம்பி ஃப்ளாஷ் 64 எம்பி ரேம், அடுத்து வந்த 14ல திரும்ப 4ம் 32ம், அதாவது புதுசு பழசை விட மட்டம். ஆர்ச்சர் சி7 வெர்ஷன் 2 அருமையான பெட்டி, வெர்ஷன் 1ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சிப்போட முதல் ரகத்தை போட்டுட்டாங்க, ஓப்பன்வர்ட்ல அந்த 5 கிகா எழுந்திருக்காது. ஷாவ்மி 4ஏன்னு ஒண்ணு, 4ஏ கிகாபிட்னு ஒண்ணு, போட்டோல பார்த்தா ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க, ஒண்ணுல 100 எம்பி போர்ட், இன்னொண்ணுல கிகாபிட்.

அதனால விக்கிறவர் கிட்ட முதல் கேள்வியே "அண்ணே, அடியில இருக்குற ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க"ன்னு தான் இருக்கணும். வெர்ஷன் நம்பர் அங்க இருக்கும், சிலதுல பக்கத்துலயே எந்த நாட்டு மாடல்னும் போட்டிருக்கும், அதையும் பாருங்க. ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு, அனுப்ப முடியாது, எல்லாம் ஒண்ணு தான் சார்னு இழுத்தா வேற ஆளைப் பாருங்க. நம்பர் கைக்கு வந்ததும் ஓப்பன்வர்ட் தளத்துல இருக்குற ஹார்ட்வேர் டேபிள்ல அதே வெர்ஷனுக்கு தனிப் பக்கம் இருக்கா, ஃபர்ம்வேர் செலக்டர்ல இப்போதைய ரிலீஸ் கிடைக்குதான்னு பார்த்துட்டு தான் ஜிபே.

ரேம், ஃப்ளாஷ் எவ்வளவு இருக்கணும்?

16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ரேம். இதுக்குக் கீழ போகாதீங்க. 4/32 (4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம்) பெட்டிகளுக்கு 19.07 வரிசையோட அதிகாரபூர்வ பில்டே நின்னுடுச்சு. 8/64ல இன்னும் ஏறும், ஆனா விளம்பரம் தடுக்குற பேக்கேஜ் ஒண்ணு சேர்த்தா இடம் இல்லன்னு அழும். ஃப்ளாஷை விட ரேம் குறையுறது தான் பெரிய தலைவலி, திடீர்னு ராத்திரி பதினோரு மணிக்கு ரீபூட் ஆகும், நீங்க நெட் கம்பெனிக்கு போன் போட்டு திட்டிட்டு இருப்பீங்க.

சரி, மாடல் சொல்லுங்க.

சின்ன பட்ஜெட்ல என் முதல் கை ஆர்ச்சர் சி6 வெர்ஷன் 3, இல்ல அதோட அண்ணன் தம்பி ஏ6 வெர்ஷன் 3. எம்டி7621 சிப், 16/128, எல்லா போர்ட்டும் கிகாபிட். கம்பெனி ஃபர்ம்வேர் பக்கத்துலேர்ந்தே ஏத்திடலாம், கம்பி கழட்டுற வேலை இல்ல. சி6 வெர்ஷன் 2ன்னு வந்தா உஷார், ஐரோப்பிய பதிப்புல 8 எம்பி ஃப்ளாஷ் தான்.

ஆர்ச்சர் சி7 வெர்ஷன் 2, 4, 5. வயசான பெட்டி, ஆனா கல்லு மாதிரி நிக்கும், ரேஞ்சும் நல்லா இருக்கும், ஏகப்பட்ட பேர் யூஸ் பண்றதால எந்தப் பிரச்சனைக்கும் பதில் ஏற்கனவே எங்கயோ எழுதி இருக்கும். அந்தக் கடைசி விஷயத்தை சாதாரணமா நினைக்காதீங்க.

ஷாவ்மி 4ஏ கிகாபிட் மலிவா கிடைக்கும், சிப் நல்ல சிப், ஆனா நேரா ஃப்ளாஷ் பண்ண விடாது. ஸ்டாக் ஃபர்ம்வேர்ல (கம்பெனி போட்டுக் கொடுத்தது) இருக்குற ஒரு ஓட்டை வழியா டெல்நெட்டை (கமாண்ட் அடிச்சு உள்ள நுழையுற வழி) திறந்து உள்ள போகணும், அந்த ஓட்டையை அடைச்ச அப்டேட் ஏறி இருந்தா முதல்ல டவுன்கிரேட் பண்ணணும். பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அரை மணி நேர வேலை, தெரியாதவங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

கொஞ்சம் மேல போனா நெட்கியர் ஆர்7800, 512 எம்பி ரேம், நல்ல சிபியு. வெளிநாட்டுல இருக்குறவங்க, இல்ல அங்கேர்ந்து யாராவது ஊருக்கு வர்றாங்கன்னா லிங்க்சிஸ் ஈ8450 இல்ல அதே பெட்டி வேற பேர்ல வர்ற பெல்கின் ஆர்டி3200 தேடச் சொல்லுங்க. வைஃபை 6, 512 எம்பி ரேம், பழைய மார்க்கெட்ல மலிவா வரும். அதுல ஃபர்ம்வேர் ஏத்துறதுக்கு தனி இன்ஸ்டாலர் இருக்கு, வழிமுறையை ஒரு வரி விடாம படிச்சுட்டு செய்யுங்க.

டபிள்யூஆர்டி1900ஏசிஎஸ், 3200ஏசிஎம் மாதிரி லிங்க்சிஸ்ஸைப் பார்த்து "ஓப்பன்சோர்ஸுக்குன்னே செஞ்சது"ன்னு விப்பாங்க. வயர்ல பிரமாதம். வைஃபை டிரைவரை அந்த சிப்பை செஞ்ச மார்வெல் பக்கத்துலேர்ந்து யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல, அதனால வைஃபைக்காக வாங்காதீங்க.

ஆபீஸ்ல கழட்டிப் போட்ட மெராக்கி, அரூபா ஆக்சஸ் பாயின்ட் எல்லாம் கிலோ கணக்குல கிடைக்குதே?

லைசென்ஸ் முடிஞ்சா மெராக்கி வெறும் பிளாஸ்டிக், அதனால தான் அந்த விலை. சிலதுல ஓப்பன்வர்ட் ஏறும், ஆனா மெராக்கி எம்ஆர்33ல பூட்லோடர் (பவர் போட்டதும் முதல்ல ஓடுற குட்டி புரோகிராம்) புது அப்டேட் வாங்கி இருந்தா கதை முடிஞ்சுது, முயற்சி பண்ணா பெட்டி நிரந்தரமா செத்துடும், வெளியிலேர்ந்து பார்த்து எது எதுன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. சீரியல் கேபிள் பிடிச்சுப் பழகினவங்க இறங்கலாம். பெரும்பாலும் அடாப்டர் இருக்காது, லேன் கேபிள் வழியாவே கரன்ட் கொடுக்குற பிஓஈ இன்ஜெக்டர் தனியா வாங்கணும், அந்தக் காசையும் சேர்த்துக்கோங்க.

ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் கொடுத்த பெட்டி ஓஎல்எக்ஸ்ல 300, 400 ரூபாய்க்கு வருது. அதுல போடலாமா?

வேண்டாம். அதுல நிறைய ஃபைபர் மோடமும் ரவுட்டரும் சேர்ந்த பெட்டி, அந்த ஃபைபர் பக்கத்துக்கு ஓப்பன்வர்ட்ல வழி இல்லாத சிப் தான் பெரும்பாலும், பூட்லோடரையும் பூட்டி வெச்சிருப்பாங்க. அதை விட முக்கியம், கனெக்ஷனோட கொடுத்த பெட்டி பல திட்டத்துல கம்பெனியோட சொத்து, கட் பண்ணும்போது திருப்பிக் கொடுக்கணும். விக்கிறவருக்கே விக்க உரிமை இருக்கான்னு தெரியாது.

உங்க வீட்டு ஃபைபர் பெட்டி அப்படியே இருக்கட்டும். அதுக்குப் பின்னாடி உங்க ரவுட்டரை மாட்டுங்க. பிஎஸ்என்எல் மாதிரி பிபிபிஓஈ யூசர்நேம் பாஸ்வேர்ட் இருக்குற கனெக்ஷன்னா பெட்டியை பிரிட்ஜ் மோடுல (ரவுட்டர் வேலையை விட்டுட்டு வெறும் மோடமா மட்டும் இருக்குறது) போடச் சொல்லி லாகினை உங்க ரவுட்டர்ல கொடுத்துடலாம். லேன் கேபிளே நேரா வீட்டுக்குள்ள வர்ற லோக்கல் கனெக்ஷன்னா இன்னும் சுலபம்.

கடையில நின்னு என்னென்ன செக் பண்ணணும்?

லேப்டாப்பும் ஒரு நல்ல லேன் கேபிளும் கையில கொண்டு போங்க. கடைக்காரர் "லைட் எரியுது பாருங்க சார்"னு காட்டுவார், லைட் எல்லாத்துலயும் எரியும்.

பவர் போட்டு ரீசெட் அழுத்தி, அட்மின் பக்கம் திறக்குதான்னு பாருங்க. அப்புறம் அஞ்சு போர்ட்லயும் ஒண்ணொண்ணா கேபிளை சொருகி லேப்டாப்ல 1 ஜிபிபிஎஸ்னு காட்டுதா பாருங்க, கிகாபிட் போர்ட்ல 100னு காட்டினா ஏதோ ஒரு ஜோடி செத்திருக்கு (முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க, பாதி நேரம் கேபிள் தான் வில்லன்). போன்ல 2.4ம் 5ம் ரெண்டு பேரும் வருதா, பத்தடி தள்ளிப் போனா சிக்னல் பொத்துன்னு விழுதா.

அடுத்தது யாரும் பார்க்காத விஷயம். அட்மின் பக்கத்துல காட்டுற மேக் அட்ரஸும் (ஒவ்வொரு பெட்டிக்கும் இருக்குற தனி அடையாள நம்பர்) அடியில ஸ்டிக்கர்ல இருக்குறதும் ஒண்ணா இருக்கணும், லேன் வான் வைஃபைக்குள்ள கடைசி எழுத்து ஒண்ணு ரெண்டு மாறலாம், அது சகஜம். முழுசா வேறயா இருந்தா யாரோ இன்னொரு ரவுட்டரோட ஃப்ளாஷை அப்படியே காப்பி அடிச்சு ஏத்தி இருக்காங்கன்னு அர்த்தம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஃபேக்டரியில அளந்து எழுதின வைஃபை காலிபரேஷன் டேட்டா ஃப்ளாஷுக்குள்ள தனியா ஒரு பகுதியில இருக்கும், அது போச்சுன்னா வைஃபை ஓடும் ஆனா மந்தமா ஓடும், எந்த ஃபர்ம்வேர் போட்டாலும் திரும்ப வராது. அப்படிப் பெட்டி சும்மா கொடுத்தாலும் வைஃபைக்கு உதவாது.

கடைசியா ஒரு அஞ்சு நிமிஷம் ஓட விட்டு பக்கத்துல டீ குடிச்சுட்டு வந்து தொட்டுப் பாருங்க. சூடு இருக்கும், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது.

வான் போர்ட் (இன்டர்நெட் கேபிள் மாட்டுறது) மட்டும் செத்திருக்கு, பாதி விலைக்கு தர்றேன்றார்?

எனக்குப் பிடிச்ச டீல் இது தான்! நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை வந்தா மொட்டை மாடி, போஸ்ட் கம்பம் வழியா இழுத்த கேபிள்ல மின்னல் சர்ஜ் வந்து முதல்ல அடி வாங்குறது வான் போர்ட். ஸ்டாக் ஃபர்ம்வேர்ல அது போனா ரவுட்டர் போச்சு. ஓப்பன்வர்ட்ல அப்படி இல்ல. சி6 வெர்ஷன் 3, சி7 மாதிரி பெட்டியில அஞ்சு போர்ட்டும் ஒரே ஸ்விட்ச் சிப்புல தான் தொங்குது, எந்தப் போர்ட்டை வான்னு சொல்றோமோ அது தான் வான். எம்டி7621 பெட்டின்னா நெட்வொர்க் பக்கத்துல டிவைசஸ் போய் பிரிட்ஜ்லேர்ந்து லேன்4ஐ எடுத்துட்டு, வான் இன்டர்ஃபேஸுக்கு அதைக் கொடுத்தா முடிஞ்சுது. ஆனா மிச்ச நாலு போர்ட்டும் முழு ஸ்பீடுல வருதான்னு கட்டாயம் பாருங்க, சர்ஜ் சிப்பையே தொட்டிருந்தா இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு போகும்.

அடாப்டர் இல்லாம தர்றாங்க, வீட்டுல கிடக்குறதை மாட்டிக்கலாமா?

வோல்டேஜ் அச்சா ஒண்ணா இருக்கணும், ஆம்பியர் கேட்டதுக்கு சமமா இல்ல மேல இருக்கலாம், கம்மியா இருக்கக் கூடாது. 841என் சிலது 9 வோல்ட், அதுல 12 வோல்ட் சொருகி புகை பார்த்தவங்க உண்டு. சி7 வெர்ஷன் 2 கேக்குறது 12 வோல்ட் 2.5 ஆம்பியர், அதுக்கு 1 ஆம்பியர் அடாப்டர் போட்டா ஆன் ஆகும், வைஃபைல லோடு ஏறினதும் ரீபூட் அடிக்கும், ஃபர்ம்வேர் மேல பழி விழும். கரன்ட் கட்டுக்கு மினி யுபிஎஸ் வெச்சிருக்கீங்கன்னா அதோட ஆம்பியரையும் பாருங்க. அமெரிக்கா பெட்டின்னா அடாப்டர்ல 100-240ன்னு எழுதி இருக்கான்னு பார்த்துட்டு சொருகுங்க, 120 மட்டும்னா அதை ஓரமா வெச்சுடுங்க.

எப்படி ஏத்துறது?

உங்க மாடல் பக்கத்துல எழுதி இருக்குறபடி. ரெண்டு மூணு விஷயம் மட்டும் இங்க. கம்பெனி ஃபர்ம்வேர்லேர்ந்து முதல் தடவை போறதுக்கு ஃபேக்டரி இமேஜ் (இமேஜ்னா ஃபர்ம்வேர் ஃபைல்), ஓப்பன்வர்ட் மேலயே ஓப்பன்வர்ட் ஏத்துறதுக்கு சிஸ்அப்கிரேட் இமேஜ், மாத்திப் போடாதீங்க. டவுன்லோட் பண்ணதும் ஷா256 (ஃபைல் கெடாம வந்திருக்கான்னு காட்டுற குறியீடு) சரி பாருங்க. வைஃபைல செய்யாதீங்க, கேபிள் தான். கரன்ட் போயிட்டு போயிட்டு வர்ற நேரத்துல ஆரம்பிக்காதீங்க.

ஏறி முடிஞ்சதும் வைஃபை காணோமேன்னு பயப்படாதீங்க, ஓப்பன்வர்ட்ல வைஃபை முதல்ல ஆஃப்ல தான் இருக்கும். கேபிள் வழியா 192.168.1.1 போய், பாஸ்வேர்ட் வெச்சு, நாட்டுக் குறியீடு இந்தியான்னு போட்டு, அப்புறம் ஆன் பண்ணுங்க.

எல்லாம் பண்ணிட்டேன், ஃபைபர் பெட்டியில மாட்டினா நெட் வரல.

ஃபைபர் பெட்டி அட்ரஸும் 192.168.1.1ஆ இருக்கும், பாருங்க. ரெண்டு பேரும் ஒரே அட்ரஸ்ல உக்காந்தா டிராஃபிக் எங்க போகும்? ஜியோ பெட்டி 192.168.29.1ல இருக்குறதால அங்க இந்த சண்டை வராது, மத்த நிறைய பெட்டியில வரும். ஓப்பன்வர்ட் லேன் அட்ரஸை 192.168.2.1னு மாத்துங்க, சரியாயிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல ரவுட்டரை "ஃபர்ம்வேர் சரியில்ல"ன்னு திரும்ப வித்தவங்க இருக்காங்க, அதை வாங்குற அதிர்ஷ்டம் நமக்கு.

நடுவுல கரன்ட் போயிடுச்சு, இப்ப லைட் மட்டும் மினுக்குது. செத்துடுச்சா?

பெரும்பாலும் இல்ல. பூட்லோடர் உயிரோட இருந்தா மீட்கலாம். டிபி-லிங்க் நிறையத்துல லேப்டாப் ஐபியை 192.168.0.66னு வெச்சு, ஃபைல் அனுப்புறதுக்கான டிஎஃப்டிபி சர்வர் ஓட்டி, அந்த மாடல் கேக்குற பேர்லயே ஃபைலை வெச்சுட்டு, ரீசெட்டை அழுத்திக்கிட்டே பவர் போட்டா தானா இழுத்துக்கும். நெட்கியர்ல என்எம்ஆர்பி ஃப்ளாஷ்னு ஒரு டூல் இருக்கு, அதனாலயே நெட்கியரை கொல்றது கஷ்டம். அதுவும் வேலை செய்யலன்னா யுஎஸ்பி சீரியல் அடாப்டர், 3.3 வோல்ட்ல செட் பண்ணி, ஆர்எக்ஸ் டிஎக்ஸ் கிரவுண்ட் மூணு மட்டும், விசிசியைத் தொடவே வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடியே "இதை எப்படி மீட்குறது"ன்ற பத்தியை மாடல் பக்கத்துல படிச்சு வெச்சுக்கோங்க, அந்தப் பத்தியே இல்லாத மாடலை நான் வாங்க மாட்டேன்.

விக்கிறவரே ஓப்பன்வர்ட் போட்டுத் தர்றார், வேலை மிச்சம் தானே?

ஏறும்ன்றதுக்கு அத்தாட்சி, அவ்ளோ தான். உள்ள என்ன சேர்த்து வெச்சிருக்கார்னு யாருக்குத் தெரியும். தளத்துலேர்ந்து நீங்களே இமேஜ் எடுத்து, செட்டிங்ஸை வெச்சுக்கோன்ற டிக்கை எடுத்துட்டு, திரும்ப ஏத்துங்க.

500 எம்பி பிளான் வெச்சிருக்கேன், சி6ம் சி7ம் தாங்குமா?

சும்மா ரவுட்டிங்னா ஃப்ளோ ஆஃப்லோடிங்கை (பாக்கெட்டை குறுக்கு வழியில அனுப்பி சிபியு பாரத்தைக் குறைக்குறது) ஆன் பண்ணா தாங்கும், எம்டி7621ல ஹார்ட்வேர் ஆஃப்லோடே இருக்கு. ஆனா எஸ்க்யூஎம் போட்டா ஒவ்வொரு பாக்கெட்டும் சிபியு வழியா போகணும், ஆஃப்லோடும் அதுவும் சேர்ந்து ஓடாது, அப்ப 150, 200 எம்பிக்கு மேல மூச்சு வாங்கும். 100 எம்பி பிளானுக்கு தாராளம். 500லயும் எஸ்க்யூஎம் வேணும்னா ஆர்7800லயே முழுசா எதிர்பார்க்காதீங்க, ரெண்டு லேன் போர்ட் இருக்குற பழைய மினி பிசி வாங்கி அதுல ஓப்பன்வர்ட் போட்டுட்டு, இந்த ரவுட்டரை வெறும் வைஃபைக்கு வெச்சுக்கோங்க.

நாட்டை வேறயா மாத்தினா சிக்னல் பவர் ஏறுமாமே?

ஏத்தினாலும் ரவுட்டர் கத்துறது மட்டும் தான் கூடும், உங்க போன் திரும்பப் பேசுறது அதே பலத்துல தானே இருக்கு. போன்ல ஃபுல் சிக்னல் காட்டும், வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும். சட்டப்படியும் தப்பு. 2018 அறிவிப்புக்கு அப்புறம் இந்தியாவுல 5 கிகாஹெர்ட்ஸ்ல போதுமான சேனல் லைசென்ஸ் இல்லாமலே திறந்து இருக்கு, இடம் மாத்தி வெச்சுப் பாருங்க, பீரோ மேலேர்ந்து எடுத்தாலே பாதி சரியாயிடும்.

ஏற்கனவே வாங்கின 841என் வெர்ஷன் 14 ஒண்ணு கிடக்கு. அதை என்ன பண்ணலாம்?

வைஃபையை ஆஃப் பண்ணி, டிஹெச்சிபியை (மத்த டிவைசுக்கு ஐபி அட்ரஸ் கொடுக்குறது) ஆஃப் பண்ணி, அட்ரஸை மெயின் ரவுட்டரோட மோதாத மாதிரி மாத்தி, வான் போர்ட்டைத் தொடாம லேன் போர்ட்ல மட்டும் கேபிளை மாட்டினா நாலு போர்ட் ஸ்விட்ச். 100 எம்பி தான், டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் போதும். ஓஎல்எக்ஸ்ல போடுறதா இருந்தா ஸ்டிக்கர் போட்டோவும் சேர்த்துப் போடுங்க.